பாலங் கடக்க ஒரு பென்னி

ஆறு ஊரைப் பிரிக்கின்றது. பாலம் அதனைக் கூட்டுகின்றது. கூட்டும் இப்பணிக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்னும் வினா, மனிதன் பாலங் கட்டத் தொடங்கிய நாள்முதல் இருந்து வருவதாகும். அரசு ஏற்பதா? ஊரார் கூடி ஏற்பதா? அன்றி, கடந்து செல்வோர் ஒவ்வொருவரும் தத்தம் மடியை அவிழ்த்துக் கொடுப்பதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரம் மூன்றாவது விடையையே தேர்ந்துகொண்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதனைச் சோதித்துப் பார்த்தது; ஈற்றிற் கைவிட்டது. அந்தச் சோதனையின் வரலாற்றையே இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்கின்றோம். வரலாறும் பொருளியலும் பயிலும் மாணவர்க்கு இதிற் பாடம் உண்டு. வீட்டுச் செலவைச் சதம் சதமாகக் கணக்கிடும் தாய்மார்க்கும் இதிற் சிந்திக்க இடம் உண்டு.

வழியிலும் துறையிலும் நின்று பெறப்படும் வரியைப் பழந்தமிழர் உல்கு என்றனர். சுங்கம் என்றும் ஆயம் என்றும் சொற்கள் பின்னர் வழங்கலாயின. பாலத்தின் வாயிலில் நின்று பெறும் கட்டணத்தை இக்கட்டுரையில் ஆயம் என்றே குறிப்போம்.

தேம்ஸ் நதிக்கரையில்

இலண்டன், தேம்ஸ் நதியின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் நகரம். ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நகரின் நடுவே அந்நதியைக் கடப்பதற்கு இருந்த பாலம் ஒன்றேயாம். இலண்டன் பாலம் எனப் பெயர்பெற்ற அந்தப் பழம்பாலத்தை விட்டால், மேற்கே தொலைவில் பட்னி என்னும் ஊரில் 1729 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட மரப்பாலம் ஒன்று இருந்தது. அங்கே ஆயங் கொடுத்தே கடத்தல் வேண்டும். ஏனையோர் படகேறி அக்கரை சேர்ந்தனர். படகோட்டிகள் பல்லாயிரவர் அத்தொழிலை நம்பி வாழ்ந்தனர்.

1750 ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்பட்டது. அதிர்ஷ்டலாபச் சீட்டு நடத்தித் திரட்டிய பணமும் பாராளுமன்றம் வழங்கிய பணமும் அதனைக் கட்ட உதவின. ஆகவே அப்பாலத்தில் ஆயம் இல்லை. 1769 ஆம் ஆண்டில் பிளாக்பிரையர்ஸ் பாலம் எழுந்தது. அதில் ஆயம் உண்டு. அந்த ஆயத்தை மக்கள் எத்துணை வெறுத்தனர் என்பதற்கு 1780 ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே போதும். கோர்டன் கலகம் என வரலாறு கூறும் பெருங் குழப்பம் அவ்வாண்டில் இலண்டனில் மூண்டது. கத்தோலிக்கர்க்கு எதிராக எழுந்த கலகந்தான் அது. எனினும் கலகக்காரரின் கை பிளாக்பிரையர்ஸ் பாலத்தின் ஆயச் சாவடிகள் மீதும் பாய்ந்தது. அவை தீக்கிரையாயின. ஐந்தாண்டுகள் கழித்து, 1785 இல், அப்பாலத்தின் ஆயம் நீக்கப்பட்டது.

எனவே, பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது நகரின் நடுவே மூன்று பாலங்கள் இருந்தன. மேற்கே வெஸ்ட்மின்ஸ்டர், நடுவே பிளாக்பிரையர்ஸ், கிழக்கே இலண்டன் பாலம். மூன்றும் ஆயமற்றவை. வாசகர்கள் இந்த வரிசையை மனத்திற் பதித்துக்கொள்வார்களாக. பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் திறவுகோல் இதுவே.

கம்பனிகள் கட்டிய பாலங்கள்

1801 ஆம் ஆண்டிற் குடிசனக் கணக்கெடுத்தபோது இலண்டன் மக்கள் ஏறக்குறைய 10 இலட்சம் பேர். அந்நூற்றாண்டின் நடுவில் அத்தொகை 20 இலட்சத்தைக் கடந்துவிட்டது. தென்கரையிற் சதுப்பு நிலமாயும் தோட்டமாயும் கிடந்த இடங்களில் தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் பெருகின. மூன்று பாலங்கள் போதா என்பது வெளிப்படை. ஆனால், அரசாங்கத்தின் பணம் முழுவதும் நெப்போலியனுடன் நடந்த போரிற் கரைந்துகொண்டிருந்தது. பாலங் கட்டுதல் தன் கடமை என அக்கால அரசு எண்ணவுமில்லை.

இந்நிலையிலேயே தனியார் கம்பனிகள் முன்வந்தன. முறை இதுவாகும்: ஒரு கம்பனி பாராளுமன்றத்தில் தனக்கெனச் சட்டம் ஒன்று பெறும். பங்குகள் விற்று முதல் திரட்டவும், கரைகளில் நிலம் வாங்கவும், பாலங் கட்டவும், கடப்போரிடம் ஆயம் வாங்கவும் அச்சட்டம் உரிமை தரும். ஆளுக்கு எவ்வளவு, குதிரைக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்ற மேல்வரம்பும் அச்சட்டத்திலேயே குறிக்கப்படும். பிழைப்பிழக்கும் படகோட்டிகளுக்கு நட்டஈடு கொடுக்கவும் கம்பனி கடமைப்படும்.

இவ்வகையில் மூன்றே ஆண்டு இடைவெளிக்குள் மூன்று பாலங்கள் எழுந்தன. 1816 இல் வாக்ஸ்ஹோல் பாலம். தேம்ஸ் நதிமீது அமைந்த முதல் இரும்புப் பாலம் அதுவே. 1817 இல் வாட்டர்லூ பாலம். 1819 இல் சதக் பாலம். மூன்று பெரும் வளைவுகளாலான வார்ப்பிரும்புப் பாலம் அது. 1827 இல் மேற்கே ஹமர்ஸ்மித் என்னுமிடத்தில், தேம்ஸ் நதியின் முதலாவது தொங்கு பாலமும் தோன்றியது.

இவற்றுள் வாட்டர்லூ பாலத்தின் கதை சிறப்பாக நோக்கத்தக்கது. 1809 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் பிறந்த கம்பனி ஒன்று, ஜோன் ரெனி என்ற புகழ்பெற்ற பொறியியலாளரைக் கொண்டு அதனைக் கட்டுவித்தது. ஒன்பது கருங்கல் வளைவுகள். ஏற்றமும் இறக்கமும் இல்லாத சமதளப் பாதை. தூண்கள் அணிசெய்த கட்டுமானம். வாட்டர்லூப் போர் முடிந்து சரியாக இரண்டாண்டு நிறைந்த 1817 ஆம் ஆண்டு யூன் மாதம் 18 ஆம் நாள், அரசப் பிரதிநிதியாயிருந்த இளவரசர் அதனைத் திறந்து வைத்தார். இத்தாலியச் சிற்பி கனோவா, இதனைக் காண்பதற்காகவே உரோமாபுரியிலிருந்து வரலாம் எனப் புகழ்ந்ததாகச் சொல்வர். செலவோ 10 இலட்சம் பவுணைத் தாண்டியது. பங்கு வாங்கியோர் இத்தகைய பாலத்தில் மக்கள் வெள்ளமெனப் பாயும். காசும் வெள்ளமெனப் பாயும் என்றே நம்பினர்.

சாவடியும் சுழற்கதவும்

ஆயம் வாங்கிய விதம் எப்படி? பாலத்தின் இரு தலைப்பிலும் சிறு சாவடிகள் இருந்தன. வண்டிகளும் குதிரைகளும் செல்லும் வழியிற் படலை போன்ற பெருங் கதவு. கால்நடையாக வருவோர்க்கு இரும்பினாலான சுழற்கதவு. ஒரு முறைக்கு ஓராளை மட்டுமே அது உட்செல்ல விடும். வாட்டர்லூ பாலத்தின் சுழற்கதவுகளில் நுட்பமான ஏற்பாடு ஒன்று இருந்தது. கதவு சுழலும்போதெல்லாம், சாவடியினுள்ளே பூட்டிய பெட்டியொன்றில் இருந்த கடிகாரம் போன்ற கருவியின் முள் நகரும். எத்தனை பேர் சென்றனர் என்பதை அது காட்டிக்கொண்டே இருக்கும். மக்களிடம் காசு வாங்கச் சேவகனை வைத்த கம்பனி, அச்சேவகனைக் கண்காணிக்க இயந்திரத்தை வைத்தது! கைக்குக் கைமாறும் சில்லறைத் தொழிலில் நம்பிக்கை அத்துணை அரிதாயிருந்தது போலும்.

தொடக்கத்தில் வாட்டர்லூ பாலத்தை நடந்து கடக்கக் கட்டணம் ஒரு பென்னி. பிற்காலத்தில் அது அரைப் பென்னியாயிற்று. குதிரைக்கும் வண்டிக்கும் அதனிலும் கூடிய கட்டணங்கள். நள்ளிரவிலும் சாவடி அடைக்கப்படுவதில்லை. உறக்கம் வராத காலங்களில் இலண்டன் தெருக்களில் இரவு முழுவதும் நடந்து திரிந்த நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ், 1860 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இச்சாவடிக்காரனை நமக்குக் காட்டுகின்றார். கணப்பு நெருப்பின் அருகே கனத்த அங்கியும் கம்பளிக் கழுத்துச் சுற்றும் அணிந்து விழிப்போடிருக்கும் அம்மனிதனிடம் அரைப் பென்னி கொடுத்து, இரவு வணக்கம் சொல்லிச் செல்வதே தனித்தலையும் தமக்கு ஒரு துணையாயிருந்தது என்கின்றார். ஆயம் வாங்குவோரை ஊரார் விரும்புவது அரிது. ஆயினும் குளிரிலும் பனியிலும் கண்விழித்திருந்து பிறர் பணத்தை எண்ணிக் கொடுத்த அச்சேவகரும் கூலிக்குப் பாடுபட்டவரே என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரு பென்னி சிறிய காசா?

ஒரு பென்னிதானே என இன்று நாம் எண்ணக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். அக்காலத்தில் 12 பென்னி ஒரு சிலிங். 20 சிலிங் ஒரு பவுண். தென்கரையில் வீடும் வடகரையில் வேலையும் உள்ள ஒருவன், போகும்போது ஒரு பென்னியும் வரும்போது ஒரு பென்னியும் கொடுப்பானாயின், கிழமைக்கு ஆறு வேலைநாட்களில் 12 பென்னி, அஃதாவது ஒரு முழுச் சிலிங் செலவாகும். கணவனும் மனைவியும் இருவரும் வேலைக்குப் போயின் இரண்டு சிலிங். அக்காலத் தொழிலாளிக்கு ஒரு பென்னியின் பெறுமதி என்ன என்பதை 1889 ஆம் ஆண்டு இலண்டன் துறைமுகத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் உலகுக்கு உணர்த்தியது. அவர்கள் கேட்டது மணிக்கு 5 பென்னியாயிருந்த கூலியை 6 பென்னியாக்கும்படிதான். ஒரு பென்னிக்காகத் துறைமுகம் முழுவதும் கிழமைக்கணக்கில் உறங்கிக் கிடந்தது. அத்தொழிலாளிக்கு மணிக்கு ஒரு பென்னி கூடுவது வாழ்வு. நாளுக்கு இரண்டு பென்னி பாலத்தில் இழப்பது சிறு காரியமாகுமா?

டிக்கன்ஸ் என்ற பெயரை மேலே கண்டோம். அவரது இளமையே இதற்குச் சான்று பகரும். 1824 ஆம் ஆண்டில் அவருக்குப் பன்னிரண்டு வயது. தந்தை கடனுக்காகத் தென்கரையிலிருந்த மார்ஷல்சீ சிறையில் அடைபட்டார். சிறுவன், வடகரையில் ஹங்கர்போர்ட் படித்துறையருகே இருந்த சப்பாத்து மைத் தொழிற்சாலையொன்றிற் போத்தல்களுக்குச் சுட்டி ஒட்டும் வேலை செய்தான். கிழமைக்கு ஆறோ ஏழோ சிலிங் சம்பளம். மாலையில் தென்கரையிலிருந்த தன் அறைக்கு அவன் வழக்கமாக நடந்த வழி பிளாக்பிரையர்ஸ் பாலத்தின் மேலாக இருந்தது. அது ஆயமற்ற பாலம் என்பதை வாசகர் நினைவு கூர்வராக.

அதே டிக்கன்ஸ் பின்னர் எழுதிய 'சின்ன டொரிட்' என்ற நாவலிற் சதக் பாலம் இரும்புப் பாலம் என்ற பெயரால் வருகின்றது. சிறையிற் பிறந்து வளர்ந்த எமி என்னும் பெண் தெருவின் இரைச்சலுக்குத் தப்பி அமைதி தேடும்போது அங்கேயே செல்கின்றாள். இலண்டனின் நடுவே பெரும் பாலம் ஒன்று அமைதியாயிருந்ததன் காரணம் யாது? ஆயங் கொடுத்து அதன்மேல் நடக்க மக்கள் விரும்பாமையே காரணம்.

இன்னும் ஒன்று கூறல் வேண்டும். தென்கரையிலே பற்றர்சீ என்னுமிடத்தில் மக்கள் காற்று வாங்குவதற்கென அரசாங்கம் பெரிய பூங்கா ஒன்றை அமைத்தது. அதற்குச் செல்லும் வழியாக அரசாங்கமே செல்சி பாலத்தையும் கட்டி 1858 ஆம் ஆண்டிற் திறந்தது. ஆயினும் அப்பாலத்திலும் ஆயம் விதித்தது! பூங்கா யாவர்க்கும் பொது. பூங்காவுக்குப் போகும் பாலமோ காசுள்ளவர்க்கு. நாலு பிள்ளைகளுள்ள தொழிலாளி குடும்பத்தோடு போய்வரும் செலவை எண்ணிப் பாருங்கள். எழுந்த கண்டனத்தின் பயனாக, ஞாயிற்றுக்கிழமைகளிலேனும் ஆயமின்றிக் கடக்கப் பாராளுமன்றம் இடமளிக்க நேர்ந்தது.

வெறிச்சோடிய பாலங்கள்

இனி, பங்குதாரரின் நிலையைப் பார்ப்போம். ஏழையின் பென்னி அவர்களைச் செல்வராக்கிற்றா? இல்லை. இதுவே இவ்வரலாற்றின் விந்தை.

முன்னே குறித்த வரிசையை நினைவு கூர்க. வாட்டர்லூ பாலம், ஆயமற்ற வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கும் ஆயமற்ற பிளாக்பிரையர்ஸ் பாலத்துக்கும் நடுவே நின்றது. சதக் பாலமோ ஆயமற்ற பிளாக்பிரையர்ஸ் பாலத்துக்கும் ஆயமற்ற இலண்டன் பாலத்துக்கும் நடுவே நின்றது. இடப்புறமும் வலப்புறமும் இலவச வழி இருக்க, நடுவிலே காசு கேட்டு நின்றால் யார் வருவர்? அவசரமுள்ளோரும் வசதியுள்ளோரும் வந்தனர். ஏனையோர் சுற்றி நடந்தனர். ஆயமற்ற பாலங்களில் வண்டியும் மனிதரும் நெருக்குண்டு நகர முடியாது நிற்க, கல்லெறி தூரத்தில் மாபெரும் கருங்கற் பாலம் காற்றாடக் கிடந்தது. 10 இலட்சம் பவுண் விழுங்கிய வாட்டர்லூ பாலத்தின் பங்குகள் விலை வீழ்ந்தன.

இத்தகைய இழப்பை முதன்முதல் தெளிவாக எடுத்து விளக்கியவர் ஆங்கிலேயர் அல்லர். பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் ஜூல் டூப்புயி என்பவர். வீதியும் பாலமும் அமைப்பதே அவர் உத்தியோகம். பொதுப்பணிகளின் பயனை எவ்வாறு அளப்பது என்பது பற்றி 1844 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை பொருளியல் வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. அவர் கருத்தை நமது உதாரணம் ஒன்றினால் விளக்குவோம்.

ஒரு பெண் பாலத்தைக் கடந்தால் அவளுக்கு அரைமணி நேர நடை மிச்சமாகும். அந்த மிச்சத்தை அவள் அரைப் பென்னிக்கு மதிக்கின்றாள் என வைத்துக்கொள்வோம். ஆயமோ ஒரு பென்னி. ஆகவே அவள் பாலத்தை விட்டுச் சுற்றி நடக்கின்றாள். இதனால் யாருக்கு என்ன இலாபம்? கம்பனிக்கு அவளிடமிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்கோ அரைமணி நேரம் வீண். அவள் கடந்திருந்தால் பாலத்தின் கல் தேயப்போவதுமில்லை; கம்பனிக்கு மேலதிகச் செலவு ஏற்படப்போவதுமில்லை. ஆக, ஒருவரும் பெறாத இழப்பு ஒன்று அங்கே நிகழ்கின்றது. கொடுத்த காசு கைமாறுகின்றது. அதனை நாடு இழப்பதில்லை. கடக்காமற் போனவர்களின் பயனோ எவர் கைக்கும் போகாமல் அழிகின்றது. ஆயம் உயர உயர, கண்ணுக்குத் தெரியாத இவ்விழப்பும் பெருகும்.

டூப்புயி ஆயமே கூடாது என்றாரல்லர். பாலத்திற்குச் செலவானதை எவ்வாறாயினும் மீட்க வேண்டுமே! செல்வர் வாழும் பகுதியையும் தொழிலாளர் வாழும் பகுதியையும் இணைக்கும் பாலமாயின், வேலைச் சட்டையும் தொழிலாளர் தொப்பியும் அணிந்தோரிடம் குறைந்த ஆயம் வாங்கலாம் என்றொரு யோசனையும் அவர் கூறினார். ஆளின் உடையைப் பார்த்துக் கட்டணம் குறிக்கும் இம்முறை நமக்கு நகைப்பூட்டலாம். ஆயினும் இன்று புகையிரதத்தில் வகுப்புக்கு ஒரு கட்டணமும், மாணவர்க்குச் சலுகைக் கட்டணமும் இருப்பதன் உட்பொருளும் இதுவே அன்றோ?

ஆயம் ஒழிந்த நாட்கள்

மாற்றம் சதக் பாலத்திலே தொடங்கியது. 1864 ஆம் ஆண்டில் இலண்டன் நகர ஆட்சி மன்றம், கம்பனியோடு ஒப்பந்தம் செய்து அப்பாலத்தை மக்களுக்கு ஆயமின்றித் திறந்துவிட்டது. முதலிற் சோதனையாகவே இது செய்யப்பட்டது. வெறிச்சோடிக் கிடந்த இரும்புப் பாலத்தில் போக்குவரத்துப் பெருகியது. சில ஆண்டுகளுள் மன்றம் அப்பாலத்தை விலைக்கே வாங்கிவிட்டது. மேற்கே கிங்ஸ்டன் பாலம் 1870 இலும், கியூ பாலம் 1873 இலும் ஆயம் நீங்கப் பெற்றன. இலண்டனுக்கு வரும் நிலக்கரிக்கும் திராட்சை மதுவுக்கும் விதிக்கப்பட்டிருந்த தீர்வைப் பணம் இதற்குப் பயன்பட்டது.

1877 ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் சட்டமொன்று இயற்றி, ஆயப் பாலங்களைக் கம்பனிகளிடமிருந்து வாங்கும் அதிகாரத்தை இலண்டன் மாநகர வேலைச் சபைக்கு வழங்கியது. 1878 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆம் நாள் வாட்டர்லூ பாலத்தின் சுழற்கதவுகள் ஓய்ந்தன. அப்பாலத்திற்குச் சபை கொடுத்த விலை ஏறக்குறைய 4 இலட்சத்து 74 ஆயிரம் பவுண். கட்டிய செலவிற் பாதிகூட இல்லை.

1879 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் நாள், விக்டோரியா மகாராணியாரின் பிறந்த நாளன்று, வேல்ஸ் இளவரசரும் இளவரசியாரும் ஊர்வலமாகச் சென்று லாம்பெத், வாக்ஸ்ஹோல், செல்சி, அல்பேட், பற்றர்சீ ஆகிய ஐந்து பாலங்களையும் என்றென்றைக்கும் ஆயமற்றவை எனப் பிரகடனஞ் செய்தனர். அடுத்த ஆண்டு யூன் 26 ஆம் நாள் வாண்ட்ஸ்வர்த், பட்னி, ஹமர்ஸ்மித் பாலங்களும் விடுதலை பெற்றன. அரச குடும்பத்தார் ஆயம் நீக்குவதை ஒரு விழாவாகக் கொண்டாடியது நமக்குப் புதுமையன்று. முதலாங் குலோத்துங்க சோழனுக்குச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்ற பட்டம் வழங்கியதை வரலாறு பயின்றோர் அறிவர். வென்ற நாடுகளால் வந்த பெயர்கள் பல. தவிர்த்த வரியால் வந்த பெயர் இது.

பாலங்களை வாங்கியதோடு சபையின் வேலை முடியவில்லை. வருமானங் குறைந்த கம்பனிகள் பாலங்களைப் பேணுவதிலும் குறைவே வைத்திருந்தன. 1862 இற் கட்டிய லாம்பெத் தொங்கு பாலம் துருவேறிப் பழுதுற்றிருந்தது. பிற்காலத்தில், 1910 இல், அதனில் வண்டிகள் செல்வதையே தடுக்க வேண்டியதாயிற்று. சபையின் தலைமைப் பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெட்டின் திட்டப்படி பட்னியில் 1886 இலும், ஹமர்ஸ்மித்தில் 1887 இலும், பற்றர்சீயில் 1890 இலும் புதிய பாலங்கள் எழுந்தன. 1894 இற் திறக்கப்பட்ட புகழ்பெற்ற கோபுரப் பாலம் தொடக்கத்திலேயே ஆயமற்றதாக அமைந்தது. பழைய எண்ணம் மாறிவிட்டது என்பதற்கு அதனிலும் பெரிய சான்று வேண்டியதில்லை.

இலவசம் என்பது எது?

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஆயம் ஒழிந்தது, செலவு ஒழியவில்லை. பாலங்களை வாங்கவும் புதுக்கவும் சபை கடன் வாங்கியது. அக்கடனை நகரத்து வீடுகள் செலுத்திய சோலைவரி தீர்த்தது. நிலக்கரித் தீர்வையும் ஏழையின் அடுப்பைத் தொடாமல் விட்டதில்லை. முன்னர் கடந்தவன் கொடுத்தான். பின்னர் கடந்தவனும் கடவாதவனும் சேர்ந்து கொடுத்தனர். அவ்வாறாயின் இதில் நீதி எங்கே எனக் கேட்கலாம்.

பாலத்தின் பயன் கடப்பவனோடு நிற்பதில்லை என்பதே விடையாகும். தொழிலாளி நேரத்தோடு வேலைக்கு வந்தால் முதலாளிக்குப் பயன். வாங்குவோர் எளிதில் வந்தால் கடைக்காரனுக்குப் பயன். போக்குவரத்துப் பெருகினால் அக்கரை நிலத்துக்கு விலை ஏறி நிலச்சொந்தக்காரனுக்குப் பயன். இவர்கள் யாவரும் வீட்டினுள் இருந்தபடியே பாலத்தின் பயனை நுகர்ந்தனர். ஆயம் வாங்கிய காலத்தில் இவர்கள் பங்கையும் சேர்த்துக் கொடுத்தவன் கால்நடையாக வந்த ஏழையே. வரியாக மாறியபோது, வீட்டின் மதிப்புக்கேற்ப அவரவர் பங்கு அவரவரிடம் சென்றது.

கம்பனிகளையும் நாம் குறை கூறி ஒதுக்குதல் தகாது. அரசு கைவிரித்த காலத்தில் தம் பணத்தை ஆற்றிலே போட்டவர்கள் அவர்கள். அவர்கள் துணிந்திராவிடின் 1817 இல் வாட்டர்லூ பாலம் இல்லை. நட்டமடைந்த பங்குதாரர், அறியாமலே ஊருக்கு ஒரு தருமஞ் செய்தவராயினர்.

டப்ளினும் நம் நாடும்

இலண்டனுக்கு வெளியேயும் ஒருகணம் நோக்குவோம். அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், லிபி ஆற்றின்மேல் 1816 ஆம் ஆண்டில் வார்ப்பிரும்பு நடைபாலம் ஒன்று அமைந்தது. அங்கே படகுத்துறை நடத்தி வந்த வில்லியம் வோல்ஷ் என்பவர் பழுதுற்ற படகுகளுக்குப் பதிலாகப் பாலமே கட்டி, ஆயம் பெறும் உரிமையை நூறாண்டுக்குப் பெற்றார். ஆயம் அரைப் பென்னி. 1919 ஆம் ஆண்டில் அது ஒழிந்தது. ஆயினும் டப்ளின் மக்கள் அதனை இன்றும் அரைப் பென்னிப் பாலம் என்றே அழைக்கின்றனர். காசு போயிற்று, பெயர் நிலைத்தது.

பிரித்தானியர் ஆண்ட நம் இலங்கையிலும் ஆயம் இருந்தது, முறைதான் வேறு. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி களனி ஆற்றைக் கடக்க, 1822 ஆம் ஆண்டில் தோணிகளை வரிசையாகப் பிணைத்து அவற்றின்மேற் பலகையிட்ட தோணிப் பாலம் அமைக்கப்பட்டது. 1895 ஆம் ஆண்டில் விக்டோரியா பாலம் எழும் வரையில் அதுவே வழியாயிருந்தது. 1867 ஆம் ஆண்டிற் கண்டிக்குப் புகையிரதம் ஓடும் வரையில் மலைநாட்டுக் கோப்பி பெரும்பாலும் மாட்டு வண்டிகளிலேயே கொழும்பு வந்து சேர்ந்தது. வீதிகளிலும் பாலங்களிலும் தோணித் துறைகளிலும் ஆயம் அறவிடும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. சாராயக் குத்தகையைப் போலவே ஆயக் குத்தகையும் உள்ளூர்ச் செல்வர் சிலரின் பொருள் வளர்ச்சிக்கு ஏணியாயிற்று. இலண்டனிற் பாலங் கட்டியவர் ஆயம் வாங்கினர். இங்கே பாலங் கட்டியது அரசு, ஆயம் வாங்கியவர் குத்தகைக்காரர். குத்தகைப் பணத்துக்கு மேற்பட்டு வந்ததெல்லாம் அவருக்கே உரியது. ஆதலின் கைந்நெகிழ்ச்சிக்கு அங்கே இடமேது?

இலண்டனின் அல்பேட் பாலத்துத் தலைப்புகளில் பழைய ஆயச் சாவடிகள் இன்றும் நிற்கின்றன. நகரத்தில் எஞ்சியுள்ள பாலச் சாவடிகள் அவையே. அவற்றினுள் காசு கேட்க எவரும் இல்லை. பாலம் வேண்டும், வீதி வேண்டும் என நாம் கேட்கும்போதெல்லாம், அதன் செலவு யார் தலையில் இறங்குகின்றது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டல் நன்று. கடப்பவன் கொடுப்பதா, ஊர் கொடுப்பதா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எம்முடிவு கொள்வோரும் வாட்டர்லூ பாலத்தைச் சுற்றி நடந்தவர்களை மறவாதிருத்தல் வேண்டும். சாவடியின் கருவி கடந்தவர்களை ஒருவர் விடாமல் எண்ணியது. ஒரு பென்னி இல்லாமையாற் கடவாது போனவர்களை எண்ண அங்கே கருவி இருக்கவில்லை.